தமிழ்நாட்டில் கணினி இயங்குதளத் தேர்வு

தமிழ்நாட்டில் கணினி இயங்குதளத் தேர்வு என்பது வீடு, பள்ளி, அரசு அலுவலகம், சிறுதொழில் ஆகியவற்றின் அன்றாடப் பயன்பாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸ், குனூ/லினக்ஸ் வழங்கல்கள், ஆப்பிள் நிறுவனத்தின் மாக் ஓஎஸ் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வதையும், அது குறித்து 2000களிலிருந்து மாநில அரசும் பயனர்களும் எடுத்த முடிவுகளையும் குறிக்கும். 2006 முதல் 2014 வரையிலான காலத்தில் தமிழ்நாடு அரசு கட்டற்ற மென்பொருளான லினக்ஸை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மாணவர் மடிக்கணினிகளிலும் அறிமுகப்படுத்தியது. எனினும், பொதுப் பயன்பாட்டில் விண்டோஸின் முதன்மை நீடித்தது. இயங்குதளங்களின் தொழில்நுட்பத் தரத்தைவிட, தமிழ்த் தட்டச்சு முறை, கணக்கு மென்பொருள், அச்சுப்பொறி, அருகில் கிடைக்கும் பழுதுபார்ப்பு உதவி ஆகியவையே இந்தத் தேர்வில் பெரும்பங்கு வகித்துள்ளன.

பெயர்

கணினியின் வன்பொருளையும் பயனரின் மென்பொருள்களையும் இணைத்து, நினைவகம், கோப்புகள், உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகள் ஆகியவற்றை நிருவகிக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இது இயக்க அமைப்பு என்று வழங்குகிறது. இயக்குதளம் என்ற வடிவமும் வழக்கில் உண்டு.

வரலாறு

தொடக்கம்

1990களில் தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் முதலில் டாஸ் இயங்குதளமும் பின்னர் விண்டோஸும் பரவின. உதிரி பாகங்களை வாங்கிக் கோத்து விற்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸே நிறுவப்பட்டது. சென்னை ரிச்சி தெரு இத்தகைய உதிரி பாகங்களுக்கான பெரிய சந்தையாக விளங்குகிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டி, தன்னார்வலர்கள் லினக்ஸின் கே.டி.ஈ., குனோம் ஆகிய பணிச்சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றைச் சேர்ந்தோர் மின்னஞ்சல் குழுக்கள் வழியாக இப்பணியில் இணைந்தனர். எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திராமல், பயனர்களே இடைமுகத்தைத் தம் மொழியில் ஆக்கிக்கொள்ள முடிந்தமை லினக்ஸ் மீது தமிழ் ஆர்வலர்களின் கவனம் திரும்பியதற்கு முக்கியக் காரணமாகும். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பை வெளியிட்டது.

2000களின் நடுப்பகுதியில் மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கக்கூடிய ஸ்டார் ஆபீஸ் தொகுப்பைக் கற்பித்தது.

எல்காட்டின் மாற்றம்

தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாநில அரசு நிறுவனமாகும். அரசுத் துறைகளுக்கான கணினிக் கொள்முதலை இது மேற்கொள்கிறது. சி. உமாசங்கர் இதன் நிருவாக இயக்குநராக இருந்தபோது, 2006-2007 காலத்தில் எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதனைத் தொடர்ந்து அரசுப் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் லினக்ஸ் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. உரிமக் கட்டணம் இன்மை, நச்சுநிரல் தொல்லை குறைவு, ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்க வேண்டாமை ஆகியவை இம்மாற்றத்துக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

பாஸ் லினக்ஸ்

2005ஆம் ஆண்டு, கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைக்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இதில் பங்குகொண்டன. இம்முயற்சியின் பயனாக, டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்கான இடைமுகமும் உள்ளீட்டு வசதியும் இதில் உள்ளன. பள்ளிகளுக்கென எடுபாஸ் என்ற தனிப் பதிப்பும் உருவாக்கப்பட்டது.

விலையில்லா மடிக்கணினித் திட்டம்

2011 செப்டம்பர் 15 அன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள் இலக்காகக் கொள்ளப்பட்டன. கொள்முதல் எல்காட் வழியாக நடைபெற்றது.

இம்மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. கணினியைத் தொடங்கும்போது எதனை இயக்குவது என்பதை மாணவரே தெரிவு செய்யலாம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், மக்கள் வரிப்பணத்தில் தனியுரிம மென்பொருளையும் சேர்த்து வழங்குவதை எதிர்த்தனர். மாணவர்கள் பின்னர் வேலைக்குச் செல்லும் இடங்களில் விண்டோஸே பயன்பாட்டில் உள்ளது என்பது மறுதரப்பின் வாதமாகும்.

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் தருவது தேர்வுரிமையை அளிப்பினும், லினக்ஸில் பயிற்சி பெறாத மாணவர் தமக்கும் அண்டை வீட்டாருக்கும் பழக்கமான ஒன்றையே நாடுவது இயல்பு. 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்தில்தான் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் ஓப்பன் ஆபீஸ் தொகுப்பும் பாடமாக இடம்பெற்றன. அதாவது, இரண்டு இயங்குதளங்கள் கொண்ட கணினி மாணவரின் கைக்கு வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரே இரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் பாடம் வந்தது.

தேர்வைத் தீர்மானிக்கும் காரணிகள்

தமிழ்த் தட்டச்சு

ஒருங்குறி பரவுவதற்கு முன்பு, தமிழ் ஆவணங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டன. ஒரு குறியீட்டு முறையில் எழுதிய ஆவணம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். இத்தகைய எழுத்துருக்களை லினக்ஸிலும் நிறுவிப் பழைய ஆவணங்களைப் படிக்கலாம். ஆனால் அவற்றுக்கான விசைப்பலகை இயக்கிகள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. ஆகவே பழைய கோப்பைப் படிக்க முடிந்த தட்டச்சரால் அதனைத் தாம் பழகிய முறையில் திருத்த முடியாத நிலை ஏற்பட்டது.

அரசு அலுவலகத் தட்டச்சர்களில் பலர் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பயின்று அரசுத் தேர்வில் தேறியவர்கள். 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகைக்கு அவர்களின் விரல்கள் பழகியிருக்கவில்லை. எனவே தட்டச்சுப் பொறி அமைப்பைத் தராத எந்த இயங்குதளமும் அவர்களுக்குப் பயன்படாது. எஸ்.சி.ஐ.எம்., பின்னர் ஐபஸ் ஆகிய உள்ளீட்டுச் சட்டகங்கள் லினக்ஸில் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப் பொறி ஆகிய அமைப்புகளை அளித்தன. விண்டோஸில் அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். எழுதி ஆகியவை அப்பணியைச் செய்தன.

2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் எழுதப்பட்ட ஆவணம் எல்லா இயங்குதளங்களிலும் தமிழாகவே தெரியும் என்பதால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு இருந்த மொழித் தடை பெருமளவு நீங்கியது. பழைய எழுத்துருக்களில் குவிந்துள்ள கோப்புகளை மாற்றிக்கொள்வது தனிப் பணியாகும்.

செயலிகள்

இணைய உலாவல், மின்னஞ்சல், கடிதம், விரிதாள், திரைப்படம் ஆகிய தேவைகளை எல்லா இயங்குதளங்களும் நிறைவு செய்கின்றன. வேறுபாடு தொழில் சார்ந்த மென்பொருள்களில் எழுகிறது. கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் பயன்படும் டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு உரியது. அச்சகங்களில் புழங்கும் பேஜ்மேக்கர், போட்டோஷாப் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகியவை மாற்றுகளாக உள்ளன. ஆயினும், வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பை அதே வடிவில் திறக்க வேண்டிய அச்சகத்துக்கு அவை முழு ஈடாவதில்லை.

வன்பொருள்

லினக்ஸில் பெரும்பாலான கருவிகள் இயக்கி நிறுவாமலேயே இயங்கும். எச்.பி. அச்சுப்பொறிகளுக்கு அந்நிறுவனமே திறந்த மூல இயக்கியை வழங்குகிறது. கேனான் எல்.பி.பி. 2900 போன்ற சில அச்சுப்பொறிகளை லினக்ஸில் நிறுவுவது கடினம். நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. போன்ற எளிய பணிச்சூழல் கொண்ட லினக்ஸ் வழங்கல்கள் விரைவாக இயங்குகின்றன.

விலையும் உரிமமும்

லினக்ஸ் வழங்கல்களில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படியெடுத்துப் பகிரவும் மாற்றியமைக்கவும் உரிமை உண்டு. விண்டோஸின் உரிமத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் உரிமம் பெறாத படிகள் நிறுவப்பட்ட இடங்களில் பயனர் இக்கட்டணத்தை உணர்வதில்லை. ஆகவே லினக்ஸின் விலை அனுகூலம் தனிப்பயனரைவிட, உரிமக் கணக்குக் காட்ட வேண்டிய அரசுக்கும் நிறுவனங்களுக்குமே கூடுதலாகப் பொருந்தியது. மாக் ஓஎஸ் ஆப்பிள் கணினிகளுக்கு மட்டும் உரியது. அவற்றின் விலை காரணமாக இது வடிவமைப்பு, திரைத்துறை போன்ற துறைகளிலேயே கூடுதலாகப் பயன்படுகிறது.

பாதுகாப்பு

2000களில் இணைய மையங்களிலும் அச்சகங்களிலும் பென் டிரைவ் வழியாக நச்சுநிரல்கள் பெரிதும் பரவின. பென் டிரைவைச் செருகியவுடன் தானே இயங்கும் விண்டோஸ் வசதி இதற்கு வழிவகுத்தது. அவ்வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2011இல் பழைய பதிப்புகளிலும் கட்டுப்படுத்தியது. அந்நிரல்கள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை ஆதலால் லினக்ஸ் கணினிகளைப் பாதிக்கவில்லை.

சிறுதொழில் நகரங்களில் தேர்வு

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம், மாநகரங்களுக்கு வெளியே இத்தேர்வு எவ்வாறு அமைகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாகும். இது பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்காப்புப் பொருள்கள், பொம்மைகள், கழிப்பறைச் சாதனங்கள் போன்றவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடங்களும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசு நிறுவனமும், திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் இங்கு உள்ளன.

இத்தகைய ஊரில் ஒரு சிறு தொழிற்கூடத்துக்குக் கணினி தேவைப்படுவது விலைப்பட்டியல், கணக்கு, வரித் தாக்கல், கடிதம் ஆகியவற்றுக்காகும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், தாக்கல் பணி இணைய உலாவியிலேயே முடிகிறது. அதற்கு எந்த இயங்குதளமும் போதும். ஆனால் கணக்கைத் தணிக்கையாளரிடம் டேலி கோப்பாகக் கொடுக்க வேண்டியிருப்பின் விண்டோஸ் தேவையாகிறது. கணினி பழுதானால் உற்பத்தியும் அனுப்புகையும் தாமதமாகும் என்பதால், உள்ளூரில் பழுதுபார்ப்பவர் எதனை அறிந்திருக்கிறாரோ அதுவே பாதுகாப்பான தேர்வாகிறது.

மாணவரின் நிலை வேறு. விலையில்லா மடிக்கணினி பெற்ற அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. பைத்தான், சி போன்ற நிரல் மொழிகளைக் கற்பதற்கான கருவிகள் லினக்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உலகின் வழங்கிக் கணினிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குவதால், மென்பொருள் துறைக்குச் செல்வோருக்கு இப்பழக்கம் நேரடியாகப் பயன்படுகிறது.

பிற இடங்களுடன் ஒப்பீடு

கேரளத்தில் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கு ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு ஆகிய மூன்றும் லினக்ஸிலேயே அமைந்தன. 2017இல் இத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனி வழங்கலைப் பள்ளிகளுக்கு அளிக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013இல் அப்பணியை நிறைவு செய்தது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் முடிவு செய்தது.

ஆதரவுக் காலம் முடிவும் மறுதேர்வும்

ஓர் இயங்குதளத்துக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நிறுத்தப்படும்போது, பயனர்கள் மீண்டும் தேர்வு செய்ய நேர்கிறது.

* விண்டோஸ் எக்ஸ்பி: 2001இல் வெளிவந்தது, ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. இதனையொட்டி, தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது.
* விண்டோஸ் 7: ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது.
* விண்டோஸ் 10: பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகமும், பட்டியலிடப்பட்ட புதிய செயலகங்களுள் ஒன்றும் வேண்டும். 2010களில் வழங்கப்பட்ட மாணவர் மடிக்கணினிகள் உள்ளிட்ட பழைய கணினிகள் பல இத்தகுதியைப் பெறுவதில்லை. அவற்றை இணையத்தில் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்த, ஆதரவு நீடிக்கும் லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுவது செலவில்லாத வழியாகும். நிறுவும் முன் யூ.எஸ்.பி. கருவியிலிருந்து அதனை இயக்கி, அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பு, தமிழ் உள்ளீடு ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ள இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

* பாஸ் லினக்ஸ்
* கட்டற்ற மென்பொருள்
* தமிழ்99
* தமிழ் ஒருங்குறி
* விருத்தாசலம்