இடது கைத் தழும்பு



"கையில என்ன தாத்தா வட்டமா?" என்று பேத்தி கேட்டாள். பெரியம்மைக்குக் குத்திய தழும்பு என்றேன். எங்கள் அத்தைக்கு இந்தத் தழும்பு இல்லை. அம்மை குத்துபவர் ஊருக்கு வந்த அன்று, பயந்துபோய் அவரைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்களாம். பிறகு அம்மை வந்தது. முகமெல்லாம் குழி, ஒரு கண்ணும் போனது.

இந்தியாவில் முதன்முதலாக 1802இல் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மைப்பால் வைத்தார்கள். பிற்காலத்தில் நம் மாகாணத்துக்கு அதைத் தயாரித்தது கிண்டி கிங் நிலையம். 1962இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஆனாலும் ஊசி மட்டும் போதவில்லை. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் குத்திய பிறகே நோய் அடங்கியது.

ஊழியர்கள் பள்ளிகளிலும் சந்தைகளிலும் நோயுற்ற குழந்தையின் படத்தைக் காட்டி விசாரித்தார்கள். முகம், கை, கால்களில் நெருக்கமாக, கொப்புளமெல்லாம் ஒரே பருவத்தில் இருந்தால் பெரியம்மை. மார்பிலும் முதுகிலும் மிகுந்து, புதிதும் காய்ந்ததும் கலந்திருந்தால் சின்னம்மை. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8இல் உலகமே விடுபட்டதாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

சின்னம்மை இன்னும் இருக்கிறது. வேப்பிலை வையுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். முன்பு சின்னம்மை வராத கர்ப்பிணிகள் அருகில் போக வேண்டாம்.

தடுப்பூசிக்குப் பயந்து பிள்ளையை ஒளிக்காதீர்கள். எங்களையெல்லாம் கையைப் பிடித்து ஊசிக்கு இழுத்துப் போனவர் அந்த அத்தைதான்.