பற்கறையும் குடிநீரும்: பிரேசர் டவுனை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பல்லைத் தூய்மை செய்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் வினைகள் விளக்குதல், துலக்குதல், தேய்த்தல் என்பன. இவற்றுள் முதலிரண்டும் பல்லுக்கும் பாத்திரத்துக்கும் பொதுவானவை. ஒளிபெறச் செய்தல் என்பதே அவற்றின் அடிப்படைப் பொருள். பல் இயல்பில் வெண்மையுடையது, மேலே படிந்த மாசு அகன்றால் அவ்வெண்மை மீளும் என்னும் எண்ணம் இவ்வினைகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இவ்வெண்ணம் எல்லாப் பற்கறைக்கும் பொருந்துமா என்பதும், பொருந்தாதவிடத்துப் பல்லின் நிறத்தை முடிவு செய்தது எது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன. பெங்களூரின் பிரேசர் டவுனும், அதனைச் சூழ்ந்த பட்டாளப் பகுதிக்குத் தமிழ்மக்களை அனுப்பிய பழைய சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களும் இவ்வாய்வின் களம்.

வெண்பல்லைச் சுட்டக் குறள் ஆளும் சொல் 'வாலெயிறு'. வால் என்பது வெண்மை. அதே சொல் கடவுள் வாழ்த்தில் 'வாலறிவன்' என வருமிடத்துத் தூய்மையைக் குறிக்கிறது. நிறமும் ஒழுக்கமும் ஒரே சொல்லில் இணைந்து நிற்பது கருதத்தக்கது. சங்கப் பாடல்கள் பல்லுக்கு முல்லை அரும்பையும் முத்தையும் மட்டுமன்றி, மயிலிறகின் அடியாகிய முருந்தையும் உவமை கூறுகின்றன. முருந்தின் வெண்மை சுண்ணாம்பு வெண்மையன்று. சற்றே மங்கிய, உயிருள்ள வெண்மை. இன்றைய விளம்பரப் பற்களைக் காட்டிலும் மனிதப் பல்லுக்கு இவ்வுவமையே நெருக்கமானது.

ஆசாரக்கோவை பற்குச்சியைக் 'கோல்' என்று குறித்து, அதனைக் காலைக் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. பல் விளக்காமை திகம்பர முனிவர்க்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று. தேவாரம் சமணரைப் பழிக்குமிடங்களில் விளக்காத பல் ஒரு வசையாகவே இடம்பெறுவதற்கு இதுவே காரணம். ஒருவர்க்கு நோன்பாக இருந்தது மற்றவர்க்கு அழுக்காகத் தோன்றியது. பல்லின் நிறத்தைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கத்துக்கு நம்மிடம் நீண்ட மரபுண்டு என்பதை இதனால் அறியலாம்.

வெண்மையே எங்கும் அழகெனக் கொள்ளப்பட்டதுமில்லை. இரும்புச் சத்தும் மாசிக்காயும் சேர்த்த 'மிஸ்ஸி' என்னும் பொடியால் பல்லையும் ஈறையும் கருமையாக்கிக் கொள்வது இந்திய இசுலாமியப் பெண்டிர் ஒப்பனையில் ஒரு காலத்தில் மதிப்புக்குரியதாக இருந்தது. வெற்றிலைக் காவியும் ஒருகாலத்தில் இழிவின் அடையாளமன்று. உண்டு களித்த வாயின் அடையாளம்.

பிரேசர் டவுன் கொள்ளைநோயின் விளைவாகப் பிறந்த பேட்டை. 1809இல் அமைந்த பெங்களூர்ப் பட்டாளக் குடியிருப்பு, சென்னைப் படைப்பிரிவுகளோடும் அவற்றை நம்பி வந்த ஒப்பந்தக்காரர், கைவினைஞர், பணியாளர்களோடும் வளர்ந்தது. அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். 1898இல் பரவிய பிளேக் நோய் அக்குடியிருப்பின் நெருக்கத்தை வெளிச்சத்துக்குக் கொணர, காற்றோட்டமுள்ள புதிய பேட்டைகள் திட்டமிடப்பட்டன. மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1910இல் இப்பேட்டை அமைந்தது. பின்னர்ப் புலிகேசி நகர் என அரசு பெயர் மாற்றியும் பழம்பெயரே மக்கள் வாயில் நிலைத்தது.

இப்பேட்டையில் குடியேறியவர்கள் பல் விளக்கக் கொண்டுவந்தவை ஊர்ப்பொருள்களே எனலாம்: வேம்பு, ஆல், கருவேலங் குச்சிகள், உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கற்பொடி. இவை யாவும் உராய்ந்து வெளுக்கச் செய்பவை. 1913இல் நஞ்சன்கூட்டில் பி.வி. பண்டிட் தொடங்கிய சத்வைத்தியசாலையின் பற்பொடி மைசூர்ப் பகுதி வீடுகளில் நெடுங்காலம் கோலோச்சியது. அதன் நிறம் இளஞ்சிவப்பு. வெண்பல்லுக்குச் சிவந்த பொடி என்பதில் எவரும் முரண் கண்டதில்லை. தமிழகத்தில் கோபால் பற்பொடி வானொலி விளம்பரத்தின் வழியே இலங்கை, மலேசியா வரை பெயர்பெற்றது. கோல்கேட் நிறுவனம் 1937இல் இந்தியாவில் பதிவானது. வெண்ணிறப் பற்பசை நகரத்து நாகரிகத்தின் குறியாயிற்று. கருப்பு, சிவப்பு, வெள்ளை எனப் பொடியின் நிறமே வீட்டின் தகுதியைச் சொன்ன காலம் ஒன்றிருந்தது.

அந்த 1937ஆம் ஆண்டிலேயே வேறொன்றும் நிகழ்ந்தது. ஷார்ட் முதலிய மருத்துவர்கள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் மக்களிடம் பரவலாகக் காணப்பட்ட எலும்பு, பல் நோய்க்குக் குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்று மருத்துவ ஆய்விதழில் எழுதினர். அமெரிக்காவின் கொலராடோவில் பிரெடெரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் 1901 முதல் துரத்திவந்த பழுப்புக் கறையின் காரணம் 1931இல்தான் வேதியியலார் சர்ச்சிலின் நீர்ச்சோதனையால் தெளிவாகியிருந்தது. அடுத்த ஆறாண்டுகளில் அவ்வறிவு நம் மண்ணுக்கும் பொருந்துவது புலனாயிற்று.

இக்கறையின் இயல்பு வேறு. நிலையான முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அக்காலத்தில் மிகுதியான புளோரைடு உடலுள் சென்றால் எனாமல் குறைபட அமைகிறது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டுகளோடு முளைக்கிறது. பின்னர் அவை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுகின்றன. விளக்கினாலும் துலக்கினாலும் இது போவதில்லை. மாறாக, செங்கற்பொடியால் அழுத்தித் தேய்ப்பவர்க்கு உள்ள எனாமலும் தேய்கிறது. ஊத்தை, காவி, காறை என நாம் வழங்கும் சொற்களெல்லாம் மேலே படிவனவற்றின் பெயர்கள். உள்ளிருந்து வரும் கறையையும் அச்சொற்களாலேயே அழைத்தமையால், நீரின் குற்றம் ஆளின் சோம்பலாகக் கருதப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைக் கண்டு முகம் சுளித்துத் திரும்பும் ஊர்களில் இதன் சுமையைத் தாங்கியவர்கள் இளம்பெண்களே.

கருங்கல்லும் நைஸ் பாறையும் நிறைந்த தருமபுரி, கிருட்டிணகிரி, கோலார்ப் பகுதிகளில் நிலத்தடிநீர் பாறையிலிருந்து புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது. திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது மக்கள் மேலும் ஆழத்து நீரை நாட நேர்ந்தது.

பிரேசர் டவுனின் நிலை இதனின் வேறானது. அர்க்காவதி ஆற்றின் எசரகட்டா நீர் 1896இலேயே பெங்களூருக்குக் குழாயில் வந்துவிட்டது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரி நீரும் சேர்ந்தன. அணை, ஆற்று நீரில் புளோரைடு பொதுவாகக் குறைவு. ஆகவே, மேட்டுநிலத்துக் கிணற்றங்கரையை விட்டு இங்கு வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைப் பற்களை வெளுக்கச் செய்ததில் பற்பொடியைக் காட்டிலும் குழாய்நீருக்கே பங்கு மிகுதி என்று கருத இடமுண்டு. அப்பெருமை பற்பசைக்குப் போய்ச் சேர்ந்தது.

காவிரி பெங்களூருக்கு நீர் எடுக்கும் இடத்தைக் கடந்து ஒகேனக்கல்லில் இறங்குகிறது. ஆனால் ஒகேனக்கல்லை மடியில் வைத்திருந்த தருமபுரிக்கு அந்நீர் குடிநீராக வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சப்பானியக் கடனுதவியுடன் ரூ.1,928.80 கோடியில் வகுக்கப்பட்ட திட்டத்தின் பெயரே 'ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டவுடன் கருநாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1998இல் மைய அரசின் முன்னிலையில் எட்டிய உடன்பாட்டைத் தமிழ்நாடு சுட்டிக்காட்டியது. பெங்களூரில் தமிழ்ப்படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரலில், கருநாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக முதல்வர் கருணாநிதி அறிவித்தார். எல்லைச் சண்டையாகவும் மொழிச் சண்டையாகவும் எழுதப்பட்ட அவ்விவாதத்தில், குழந்தைகளின் பல் ஏறக்குறைய இடம்பெறவேயில்லை. 2013இல் முதல்வர் செயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

முன்பே கறை படிந்தவர்களுக்கு இன்று சில வழிகள் உள்ளன. காவியையும் தேநீர்க் கறையையும் மருத்துவர் சுரண்டித் துலக்கினாலே போதும். வயதால் மஞ்சளித்த பல்லுக்குப் பெராக்சைடு வெளுப்பு உதவும். பத்து விழுக்காடு கார்பமைடு பெராக்சைடை அச்சில் இட்டு இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹேமன் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். மெல்லிய புளோரைடுக் கறைக்கு அமிலமும் நுண்பொடியும் சேர்த்து மேற்பரப்பைச் சிறிதளவு நீக்கும் முறையும், தேவையாயின் அதனையடுத்து வெளுப்பும் பயன்தரும். குழிவிழுந்த பல்லை ஒட்டுப்பூச்சாலோ, மெல்லிய பீங்கான் உறையாலோ மூடுவதன்றி வேறு வழியில்லை. வெளுப்பு நிலையானதன்று, பற்கூச்சமும் வரலாம், ஈறுநோயும் சொத்தையும் உள்ளவர் முதலில் அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பீங்கான் உறையின் செலவோ பாலக்கோடு, பென்னாகரம் பகுதிக் கூலித் தொழிலாளிக்கு எட்டாதது.

2013இல் பிறந்த குழந்தைகளுக்கு நிலையான முன்பற்கள் 2020ஐ ஒட்டி முளைத்தன. அவ்வூர்களில் கள ஆய்வுக்குச் செல்லும் தமிழ்த்துறை மாணவர்கள், பழைய கிணற்றுநீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லுக்கும் இப்புதிய பல்லுக்கும் மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டல் வேண்டும். ஊத்தை, காவி என்பவற்றினின்று வேறான ஒரு பெயர் அங்குப் பிறந்திருக்குமாயின், அது அகராதியில் ஏறவேண்டிய சொல்.