முறைக்காய்ச்சல் தரும் பாடம்: மெய்யறிவியலையும் போலியறிவியலையும் பிரித்தறிதல் பற்றிய ஒரு குறிப்பு

இன்று புத்தளம் மாவட்டத்துள் அடங்கும் சிலாபப் பகுதி, 1934-35 மலேரியாக் கொள்ளைநோயால் பெரிதும் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்றாகும். இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மலேரியா என்னும் சொல் கெட்ட காற்றெனப் பொருள்படும். ஆயினும் நோயைப் பரப்பியது காற்றன்று. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. இவ்விளக்கத்தை எவரும் ஆற்றங்கரைக்குச் சென்று சோதித்துப் பார்க்கலாம்.

மலேரியாவில் ஒருவகை ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலாகும். காய்ச்சல் நாளன்று கட்டிய மந்திரக் கயிறு, மறுநாள் அதனைத் தணித்ததாகத் தோன்றும். தானே தணிந்ததன் புகழைக் கயிறு பெற்றுவிடும். குயினைனின் பயனையும் கயிற்றின் பயனையும் வேறுபடுத்த ஒப்பீடு ஒன்றே வழி.

இவ்வுண்மை இன்று ஓட்டிசத்துக்கெனக் கூறப்படும் மாற்றுச் சிகிச்சைகளுக்கும் பொருந்தும். ஓட்டிசம் காய்ச்சல் போன்றதொரு நோயன்று. அது பிள்ளையின் வளர்ச்சியோடு ஒன்றிய நிலை. எனினும் அப்பிள்ளைகளும் வளர்கின்றனர். புதிய சொற்களையும் பழக்கங்களையும் கற்கின்றனர். அவ்வேளையில் கொடுக்கப்பட்ட எம்மருந்தும் அவ்வளர்ச்சிக்கு உரிமை கோரலாம்.

செக்ரெற்றின் என்னும் சுரப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1998இல் அமெரிக்காவில் மூன்று பிள்ளைகள் அதனால் தேறியதாக ஓர் அறிக்கை வெளிவர, பெற்றோர் பலர் அதனை நாடினர். 1999இல் வெளியான ஆய்வொன்று 60 பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குச் செக்ரெற்றினையும் மற்றதற்கு வெறும் உப்புநீரையும் ஏற்றிற்று. இரு குழுவினரும் ஒத்த அளவில் முன்னேறினர். முடிவை அறிந்த பின்னரும் பெற்றோருள் 69 வீதத்தினர் அம்மருந்தில் நாட்டம் குன்றாதிருந்தனர். இதனை அறியாமை என இகழ்தல் தகாது. வேறு துணையற்றோரின் நம்பிக்கை அது. ஆயின் அந்நம்பிக்கைக்கு விலையுண்டு. 2005இல் உடலின் உலோகங்களை நீக்குவதாகக் கூறும் சிகிச்சையின்போது அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

கோவாவிலும் இராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்து, 2016இல் வெளியான ஆய்வு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளரே பெற்றோர்க்குப் பயிற்சியளித்தனர். பிள்ளைகள் பெற்றோரிடம் தாமாகத் தொடர்புகொள்ளல் கூடிற்று. இருவரும் ஒன்றில் கவனம் ஒன்றியிருந்த நேரமோ குறைந்தது. ஆய்வாளர் இரண்டையும் அறிவித்தனர். தனக்குச் சாதகமற்றதையும் மறையாது கூறுதல் மெய்யறிவியலின் இலக்கணமாகும்.

கற்பிட்டி மீனவர்க்கோ புத்தளம் உப்பளத் தொழிலாளர்க்கோ நகைகளை அடகுவைக்கத் தூண்டும் சிகிச்சை எதுவாயினும், மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும்: எதனோடு ஒப்பிட்டீர்? யாருக்குப் பயன்படவில்லை? எது கண்டால் இதனைக் கைவிடுவீர்? இவற்றைக் கேட்கும் துணிவைப் பெற்றோர்க்கு அளித்தலும், நிபுணரை நாடிக் கொழும்புவரை செல்லவியலாதோர்க்கு அத்தகைய பயிற்சியை ஊரிலேயே கிடைக்கச் செய்தலும் சமூகத்தின் கடமைகளாம். இரண்டாவது நிறைவேறாதவரை, முதலாவது மட்டும் போதாது.