அறைவீட்டின் கதவு: ஜெபத்திற்கென்று ஓர் இடம்



பெருந்துறையில் இன்று சிறியதொரு வீடு கட்ட நினைப்பவரும் முதலில் கணக்குப் பார்ப்பது சதுர அடியைத்தான். சமையலறைக்கு எவ்வளவு, படுக்கையறைக்கு எவ்வளவு, வண்டி நிறுத்த எவ்வளவு என்று வரைபடத்தின்மீது குடும்பமே கூடி ஆலோசிக்கிறது. ஜெபத்திற்கு எவ்வளவு என்று கேட்டால், "எங்கிருந்தாலும் ஜெபிக்கலாமே, ஐயா" என்ற மறுமொழி வருகிறது. அந்த மறுமொழியில் பிழை இல்லை. சமாரியா ஸ்திரீயோடு பேசிய நம் ஆண்டவரே, தொழுகை ஒரு மலைக்கோ ஒரு நகரத்துக்கோ கட்டுப்பட்டதன்று என்று போதித்தார் (யோவான் 4:21-24). வானாதி வானங்களும் கொள்ளாத தேவனை ஒரு கட்டடம் கொள்ளுமோ என்று, ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோனே வியந்தான் (1 இராஜாக்கள் 8:27).

அப்படியானால் ஜெபத்திற்கென்று தனியிடம் எதற்கு? ஏழைகளும் நோயாளிகளும் காத்திருக்கையில், அதற்காக இடத்தையும் பணத்தையும் ஒதுக்குவது முறைதானா? இக்கேள்வியை நமக்கு முன்னிருந்த விசுவாசிகளும் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையை இவ்வாரம் சற்று நின்று பார்ப்போம்.

மத்தேயு 6:6-இல் "அறைவீடு" என்று நம் வேதாகமம் தரும் சொல்லுக்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் "தமேயோன்" என்பதாகும். தானியமும் பிற பண்டங்களும் சேர்த்துவைக்கும் உள்ளறையை அது குறிக்கும். காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று ஆண்டவர் சொன்ன இடத்திலும் (லூக்கா 12:24) இதே சொல்தான் வருகிறது. கொங்கு நாட்டின் பழைய வீடுகளில் குதிர் நிற்கும் உள்ளறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அது அலங்காரமான அறையன்று. விருந்தினர் நுழையாத அறை. ஆனால் அதற்கு ஒரு கதவு உண்டு. கலிலேயாவின் எளிய குடியானவனுக்கும் எட்டக்கூடிய ஓர் இடத்தையே ஆண்டவர் சுட்டிக்காட்டினார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

முதல் நூற்றாண்டுகளின் திருச்சபைக்குக் கோபுரங்கள் இல்லை, வீடுகளே சபைகளாயிருந்தன. சிரியா நாட்டில், ஐப்பிராத்து நதிக்கரையில், ரோமரின் எல்லைக்காவல் நகரமாயிருந்த தூரா யூரோப்போஸ் என்ற ஊரில் அப்படிப்பட்ட வீடு ஒன்று 1930-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 240-ஆம் ஆண்டளவில், அவ்வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவேயிருந்த சுவர் நீக்கப்பட்டு, சபை கூடும் கூடமாக அது மாற்றப்பட்டது. வேறொரு சிற்றறையில் ஞானஸ்நானத் தொட்டி அமைக்கப்பட்டது. அதன் சுவர்களில் நல்ல மேய்ப்பனும், கடலின்மேல் நடந்த பேதுருவும் தீட்டப்பட்டனர். கி.பி. 256-ஐ ஒட்டிப் பெர்சியர் நகரத்தை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணுக்குள் அவ்வீடு புதைந்தது. அதனாலேயே அழியாமலும் இருந்தது. கிறிஸ்தவ விசுவாசம் ரோமப் பேரரசில் இன்னும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறாத காலம் அது. எந்த நாளும் துன்பம் வரலாம் என்றிருந்த மக்கள், தாங்கள் குடியிருக்கக்கூடிய அறைகளைக் குடியிருப்புக்கு அன்றி ஜெபத்திற்கென்று விட்டுக்கொடுத்தனர்.

நம் பகுதிக்கு வருவோம். கோயம்புத்தூரில் லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியம் 1830-இல் தொடங்கிற்று. ஈரோட்டில் ஆஸ்திரேலிய மிஷனெரி பிரப் ஐயரின் பெயர் தாங்கிய ஆலயம் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. நம்மில் பலர் பேருந்தில் செல்கையில் நாள்தோறும் அதைக் கடக்கிறோம். அதே ஈரோட்டில் ரயிலேறிச் சேலத்தைத் தாண்டிச் சென்னை நோக்கிப் போனால், ஜோலார்பேட்டைக்கு முன்னே திருப்பத்தூர் வரும். அங்கே 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன், ஏர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்னும் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஒருவர் தமிழர், மற்றவர் பிரிட்டனிலிருந்து வந்தவர், இருவரும் மருத்துவர்கள். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். சுற்றுப்புறத்துக் கிராமத்தாருக்கு மருத்துவம் செய்வது அவர்களுடைய அன்றாடப் பணி. அந்த மருத்துவர்கள் நோயாளிகளுக்கான இடத்தோடு நின்றுவிடவில்லை. தமிழகக் கோயில்களின் கட்டடக்கலை மரபில் ஒரு ஜெபாலயத்தையும் எழுப்பினர். இம்மண்ணின் மக்கள் அந்நியமாக உணராமல் அமர்ந்து ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர்களுடைய வாஞ்சை.

ஆயினும் நம் கேள்வியை மிகக் கூர்மையாகச் சந்தித்தவர்களைக் காணத் தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குச் செல்லவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளை ஏற்று வளர்த்துவந்தார். 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். குடும்பம் நூற்றுக்கணக்கானதாய்ப் பெருகியது. தொற்றுநோயில் சிறு குழந்தைகள் பலரை இழந்த துயரத்தையும் அக்குடும்பம் அறிந்திருந்தது. ஆகவே 1920-களில் அவர்களுக்கு உடனடித் தேவையாயிருந்தது ஒரு மருத்துவமனை. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அவ்வேளையில், முதலில் ஜெப வீட்டைக் கட்டவேண்டும், அது முடிந்தபின் மருத்துவமனைக்குத் தேவன் வழிசெய்வார் என்னும் உறுதி அவர்கள் உள்ளத்தில் உண்டாயிற்று. மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. கையில் வந்ததைக்கொண்டே கட்டவேண்டும். வந்ததை எதற்குச் செலவிடுவது என்பதே சோதனை. கைக்குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது செங்கல்லை ஜெப வீட்டுக்குச் சுமப்பது எளிதான கீழ்ப்படிதலாய் இருந்திருக்காது. 1927-இல் அந்த ஜெப வீடு திறக்கப்பட்டது. அதற்குப் பின்னர் மருத்துவமனையும் எழும்பிற்று. அதற்கு அவர்கள் இட்ட தமிழ்ப்பெயர் "பரம சுக சாலை."

இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஜெப வீட்டைக் கட்டினால் மருத்துவமனை கிடைக்கும் என்று பேரம் பேசுவது விசுவாசமன்று. எருசலேம் ஆலயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அநியாயம் செய்தவர்களை எரேமியா கடிந்துகொண்டதை நாம் அறிவோம் (எரேமியா 7). டோனாவூர் நமக்குக் கற்பிப்பது வேறு. தாங்கள் செய்யும் சேவை தங்கள் பலத்தால் நடப்பதன்று என்று அவர்கள் வாயால் மட்டும் சொல்லவில்லை. எது முதலில் எழும்பவேண்டும் என்ற வரிசையிலேயே அதை அறிக்கையிட்டனர். அவசரம் எப்போதும் நம் வாசலில் நிற்கும். ஜெபத்திற்கு முன்கூட்டியே இடம் குறித்துவைக்காவிட்டால், அவசரம் முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளும்.

அவ்வரலாற்றின் பிற்பகுதியையும் சொல்லவேண்டும். 1931 செப்டம்பரில், அருகிலுள்ள களக்காட்டில் ஊழியத்திற்கென ஆயத்தமாக்கப்பட்ட வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், அங்கே ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே வாழ்ந்தார். தாம் கட்டிய ஜெப வீட்டுக்கு முன்போல் நடந்துசெல்ல அவரால் இயலவில்லை. ஆயினும் ஜெபம் நின்றுவிடவில்லை. அவருடைய படுக்கையறையே அறைவீடாயிற்று. அங்கிருந்தே எழுதினார், அங்கிருந்தே பிள்ளைகளுக்காக மன்றாடினார். நாள்தோறும் ஓரிடத்திற்குச் சென்று பழகிய உள்ளம், அவ்விடத்திற்குச் செல்ல முடியாத நாளிலும் வழி தவறவில்லை. தானியேல் எருசலேமை நோக்கிய பலகணியருகே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டவன் (தானியேல் 6:10). மரணக் கட்டளை பிறந்த நாளிலும் முன் செய்துவந்தபடியே செய்தான் என்று வேதம் சொல்கிறது. அந்தப் பழக்கமே அன்று அவனைத் தாங்கிற்று.

பிரியமானவர்களே, உங்களில் பலர் ஓரறை வீட்டில், வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் உறங்கும் அதே அறையில்தான் பிள்ளை பாடம் படிக்கவேண்டும், அடுப்பும் எரியவேண்டும். சில காலத்திற்கு முன் அப்படிப்பட்ட வீடொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தியிருந்த சிறு பாயை எடுத்து, நான் அமர விரிக்கட்டும் என்று அதை அந்த வீட்டுச் சிறுவனிடம் நீட்டினேன். அவனுடைய தாயார் சற்றுத் தயங்கி, "அந்தப் பாயில யாரும் உக்கார்றதில்லீங்க ஐயா, அது ஜெபத்துக்குன்னு வெச்சதுங்க" என்றார். பின்பு வேறொரு பாயை எடுத்து விரித்தார். அறைவீட்டைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அதன் பொருளை அந்தப் பாய் எனக்குப் போதித்தது. கணவர் உறங்கும் நேரத்தில் கதவோரமாய் அதை விரித்து, சத்தமின்றி ஜெபிப்பாராம்.

ஆகவே இவ்வாரம் ஒரு சிறு தீர்மானம் செய்வோம். வீடு கட்டுகிறவர்கள் வரைபடத்தில் ஒரு மூலையைக் குறியுங்கள். இடமில்லாதவர்கள் ஒரு பாயை, ஒரு முக்காலியை, ஒரு பலகணியோரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேதாகமம் அங்கேயே இருக்கட்டும். வேறு பொருள்கள் அங்கே சேராதிருக்கட்டும். ஜெபிக்க மனமில்லாத நாளிலும் அங்கே சென்று அமருங்கள். மனம் பின்னால் வரும்.

ஜெபிப்போம்: அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவே, அவசரங்கள் நிறைந்த எங்கள் வீடுகளில் உமக்கென்று ஓரிடத்தைப் பிரித்துவைக்க எங்களுக்குக் கிருபை தாரும். கதவில்லாத வீட்டில் இருப்போருக்கு நீரே கதவாயிரும். வியாதிப் படுக்கையில் இருப்போருக்கு அந்தப் படுக்கையையே ஜெப வீடாக்கும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.