சதுரங்க நிரல்களில் இறுதி முற்றுகையைக் கண்டறிதல்
1951 நவம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பெரண்டி மார்க் 1 கணினியில் டீட்ரிச் பிரின்சு எழுதிய சதுரங்க நிரல் இயங்கியது. இரண்டு நகர்வுகளில் இறுதி முற்றுகை தரும் வழியை, எல்லா நகர்வுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து அது தேடியது. விதிகள் எளிமையாக்கப்பட்டிருந்ததால் கோட்டை கட்டுதலும் சிப்பாயின் பதவி உயர்வும் அதில் இல்லை. இறுதி முற்றுகைக்கும், நகர்வற்ற நிலையால் ஏற்படும் சமநிலைக்கும் உள்ள வேறுபாட்டையும் அது அறியவில்லை.

பிற்காலப் பொறிகள் இக்குறையைத் தவிர்த்தன. ஒருவருக்கு நகர்வே இல்லையெனில், அவருடைய அரசன் தாக்கப்படுகிறதா என அவை பார்க்கின்றன. தாக்கப்பட்டால் இறுதி முற்றுகை. இல்லையெனில் ஆட்டம் சமநிலை, மதிப்பு சுழியம். இறுதி முற்றுகைக்கு மிகப் பெரிய மதிப்பளித்து, அதை அடையத் தேவையான நகர்வுகளின் எண்ணிக்கையை அதிலிருந்து கழிக்கின்றன. இக்கழித்தல் இல்லாவிட்டால், கைக்கெட்டிய வெற்றியைப் பொறி தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கக்கூடும்.