வட்டக் கொட்டகையைக் காப்பாற்றிய ஜின்

பிங்க் ஃப்ளாய்ட் கேட்கிற ஆசாமிகளுக்கு லண்டன் கேம்டன்ல இருக்கிற 'ரவுண்ட்ஹவுஸ்' தெரிஞ்சிருக்கும். 1966 அக்டோபர்ல 'இன்டர்நேஷனல் டைம்ஸ்' பத்திரிகையின் தொடக்க விழாவுல அவங்க வாசிச்ச இடம். அதுக்கு ஏன் அந்தப் பேருன்னு தேடப்போனப்பதான் தெரிஞ்சது, அது ரயில் எஞ்சின்களைக் கட்டிவைக்கிற தொழுவமாம்!

நீராவி எஞ்சின் பின்பக்கமாவும் ஓடும். ஆனா டிரைவருக்குப் பாதை சரியாத் தெரியாது. அதனால அதைத் திருப்பியாகணும். நடுவுல ஒரு சுழல்மேடை, சுத்தி சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி தண்டவாளங்கள். எந்த எஞ்சினையும் மத்ததை நகர்த்தாம வெளியே எடுக்கலாம். பிரமாதமான டிசைன். ஒரே வம்பு, அந்த மேடை மக்கர் பண்ணினா அத்தனை எஞ்சினும் உள்ளேயே மாட்டிக்கும். (இந்த மாதிரி டிசைனுக்கு நான் ஆபீஸ்ல டோஸ் வாங்கியிருக்கேன் :-))

கேம்டன் கொட்டகையை 1846-47ல் கட்டினாங்க. சுமார் 48 மீட்டர் விட்டம், 24 வார்ப்பிரும்புத் தூண்கள், கூம்புக் கூரை, உச்சியில் புகைபோக வழி. இவ்வளவு செலவழிச்சுக் கட்டி, பத்து வருஷம்தான் உபயோகம். அதுக்குள்ள எஞ்சின்கள் நீளமாயிடுச்சு, உள்ளே அடங்கலை. 1871ல் கில்பி கம்பெனி அதை மதுபானக் கிடங்கா எடுத்துக்கிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல உள்ளே ஜின்னும் மத்த சரக்கும்தான்.

எனக்கு இதுதான் சுவாரசியமாப் பட்டது. டீசல் எஞ்சின் ரெண்டு பக்கமும் ஓடும், திருப்ப வேண்டியதில்லை. அது வந்ததும், கடைசிவரை ஒழுங்கா உழைச்ச வட்டக் கொட்டகைகள் பலவற்றை இடிச்சுத் தள்ளிட்டாங்க. சீக்கிரமே உதவாமப்போன இது, வேற வேலைக்குப் போனதாலயே பிழைச்சது. பழமை மேல யாருக்கோ இருந்த பாசம் இல்லை, சரக்கு வைக்க இடம் வேணுமேங்கிற கவலை!

1964ல் நாடக ஆசிரியர் ஆர்னால்ட் வெஸ்கர் அதைக் கலை அரங்கமாக்க முயற்சி பண்ணினார். 1983ல் மூடினாங்க. 1996ல் டார்க்வில் நார்மன்ங்கிற பொம்மை வியாபாரி வாங்கி, புதுப்பிச்சு, 2006ல் திறந்தார்.

சரி, மியூசியமா வச்சா பத்திரமா இருக்குமேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல பால்டிமோர்ல 1884ல் கட்டின 22 பக்கக் கொட்டகை மியூசியம்தான். 2003 பிப்ரவரியில் பனி குவிஞ்சு கூரையில பாதி இடிஞ்சு, பழைய வண்டிகள் மேலேயே விழுந்துச்சு. சரிபண்ணித் திறக்க 2004 நவம்பர் ஆச்சு.

மனசுக்குப் பிடிச்சது ஜப்பான்காரன் வழிதான். கியோட்டோவுல உமேகோஜி கொட்டகை, 1914ல் கட்டினது, விசிறி வடிவம், 20 தடங்கள். 1972லேயே நீராவி எஞ்சின் மியூசியம் ஆக்கிட்டாங்க, இப்போ கியோட்டோ ரயில்வே மியூசியத்துல ஒரு பகுதி. அங்கே சுழல்மேடை இன்னும் சுத்துது. ஜனங்களை ஏத்திக்கிட்டு ஒரு சின்ன ரவுண்டு போயிட்டு வர்ற நீராவி எஞ்சினை, சாயங்காலம் அதுல ஏத்தித் திருப்பித்தான் கொட்டகைக்குள்ள விடறாங்க.