சன்னலும் காலதரும்



தஞ்சோங் கிளிங் கடற்கரையோரம் குடியிருப்போர் பிற்பகல் வெயிலை நன்கு அறிவர். மலாக்கா நீரிணையின் மேல் சாயும் கதிரவனின் ஒளி நேரே வீட்டுக்குள் வந்து விழும். நாம் உடனே கெட்டித் திரையை இழுத்து மூடுகிறோம். பிறகு பகலிலேயே மின்விளக்கைப் போடுகிறோம். பிறர் பார்வை உள்ளே படக்கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். இவ்விரண்டையும் முன்னோர் எவ்வாறு ஒருங்கே பெற்றனர் என்பதை இன்று காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘சன்னல்’ என்பது ‘ஜனேலா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. போர்த்துகீசியர் 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றி 1641 வரை ஆண்டனர். சோழமண்டலக் கரையிலும் குடியேறினர். ஆகவே அதே சொல் தமிழில் ‘சன்னல்’ ஆயிற்று. மலாயில் ‘ஜெண்டேலா’ ஆயிற்று. நம் வீட்டு ‘அலமாரி’யும் போர்த்துகீசிய மூலத்தை உடையதே.

அப்படியானால் அதற்கு முன் தமிழன் வீட்டில் சன்னல் இல்லையா? இருந்தது, பெயர்தான் வேறு. ‘காலதர்’ என்றனர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘பலகணி’ என்றும் கூறினர். பல கண்களை உடையது என்பது பொருள். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

பெரிய திறப்பு ஒன்றை விட, சிறு துளைகள் பல இருப்பதில் ஒரு நன்மை உண்டு. பகலில் வெளியே ஒளி மிகுதி, உள்ளே குறைவு. துளை வழியே உள்ளிருப்பவர் தெருவைத் தெளிவாகக் காண்பார். தெருவில் செல்பவருக்கோ உள்ளே இருள்தான் தெரியும்.

இதே நுட்பத்தை மலாக்காவிலும் காண்கிறோம். பழைய மலாய் வீடுகளில் சன்னலுக்கு மேலே துளையிட்டுச் செதுக்கிய பலகை இருக்கும். சன்னலைச் சாத்தினாலும் அதன் வழியே காற்றும் ஒளியும் வரும். நகரத்துப் பாபா-நியோன்யா வீடுகளோ அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. அவற்றின் நடுவே வானம் பார்த்த முற்றம் வெளிச்சம் தந்தது. கூடத்துக்கு வந்த விருந்தினரை வீட்டுப் பெண்கள் செதுக்கு மரத்தடுப்பின் பின்னிருந்து பார்த்தனர்.

தோட்டத்து லயங்களின் கதை வேறு. 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். வரிசை வரிசையாக லயங்கள் எழுந்தன. அங்கே பல வீடுகளில் சன்னல் என்பது ஒரு பலகைக் கதவே. திறந்தால் வாசலில் நடப்போர் கண்ணெல்லாம் உள்ளே. மூடினால் நண்பகலும் இரவு. உண்பதும் உறங்குவதும் உடை மாற்றுவதும் ஓரிரு அறைகளில் நடந்த வீட்டில், பெண்களுக்கு மறைவு என்பது மானத்தைக் காக்கும் செய்தி. பழஞ்சேலையே அவர்களுக்குத் திரையாயிற்று. மறைவுக்காக அவர்கள் தந்த விலை வெளிச்சமும் காற்றும். இருட்டில் குனிந்து பாடம் படித்த பிள்ளைகளும் அந்த விலையில் பங்கு கொண்டனர்.

இன்று நம் வீடுகளில் கண்ணாடிச் சன்னல் உண்டு. கடையில் விதவிதமான திரையும் உண்டு. ஆயினும் சன்னல் முழுவதையும் மூடி அதே இருட்டை நாமே வரவழைத்துக் கொள்ளலாமா? வழிப்போக்கர் கண் எட்டும் உயரம் வரை மறைத்தாலே பெரும்பாலும் போதும். மேற்பகுதி வானத்துக்குத் திறந்திருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் துணி பகலில் பலகணியைப் போல் வேலை செய்யும். மேற்குச் சன்னலுக்குச் சாய்வான பலகைச் சட்டங்கள் ஏற்றவை. அவை வெயிலைத் தடுத்துக் காற்றை விடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இரவில் இந்த நிலை தலைகீழாகிறது. உள்ளே விளக்கு, வெளியே இருள். அப்போது மெல்லிய துணி நம்மைத் தெருவுக்குக் காட்டிக் கொடுக்கும். எனவே கெட்டித் திரை ஒன்றும் உடன் இருக்க வேண்டும். விளக்கேற்றும்போது அதை இழுத்து, விடிந்ததும் விலக்கிவிட வேண்டும்.

போர்த்துகீசியர் தந்த சொல்லை நாம் வைத்துக்கொள்வோம். காற்றுக்கு வழி என்று நம் முன்னோர் வைத்த பெயரின் பொருளையும் இழக்காதிருப்போம்.